கடைக்கு ஒரு முகம்: படமும் மார்க்கும் தேர்ந்தெடுப்பது எப்படி?



கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும்போதும், புத்தாண்டுக்குக் காலண்டர் அடிக்கும்போதும், பருப்பு, மிளகாய்த்தூள் பாக்கெட் போட ஆரம்பிக்கும்போதும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன படம் போடலாம்?" அச்சகக்காரர் ஆல்பத்தைப் புரட்டிக் காட்டுகிறார். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் காட்டுகிறார். பார்க்க லட்சணமாக உள்ள ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பத்து நிமிட வேலை. ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்குவதற்கு முன் கையில் அள்ளிப் பார்த்து, வாயில் போட்டுப் பார்த்து, நாலு மண்டியில் விலை கேட்கும் நாம், பிள்ளைகள் காலத்திலும் கடையின் முகமாக நிற்கப்போகிற படத்தை இப்படித் தேர்ந்தெடுக்கிறோம். இந்தப் பாடத்தில் இதைச் சற்று நின்று பார்ப்போம்.

நெய்வேலி வியாபாரிகளுக்கு இது மற்ற ஊர்க்காரர்களைவிட முக்கியமான விஷயம். காரணம் சொல்கிறேன். பழைய ஊர்களில் கடைக்கு அடையாளம் தானாகவே அமைந்துவிடும். தேரடிக் கடை, குளத்தங்கரைக் கடை, அரசமரத்தடிக் கடை என்று சொன்னால் போதும். நம் நகரியமோ 1956-இல் நிறுவனம் ஏற்பட்ட பிறகு திட்டம் போட்டுக் கட்டப்பட்டது. வட்டம் வட்டமாகப் பிரித்து, நூல் பிடித்தாற்போல் சாலை போட்டு, ஒரே மாதிரிக் குடியிருப்புகள். கடைத்தொகுதிகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைதான். வெளியூர் உறவினர் வந்தால் வீடு கண்டுபிடிக்கவே திணறுகிறார்கள். கடையை எங்கே கண்டுபிடிப்பது! ஆகவே இங்கே கடைக்கு அடையாளம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். "அண்ணாச்சி கடை", "பாய் கடை", "சேட்டன் கடை" என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

அது நல்ல அடையாளம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு கெடு உண்டு. வாடிக்கையாளருக்கு வயது ஆனதும் பணி ஓய்வு வருகிறது. குடியிருப்பைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்கோ, பிள்ளைகள் இருக்கும் ஊருக்கோ போய்விடுகிறார். முப்பது வருடம் சம்பளத் தேதியில் நோட்டுக் கணக்குத் தீர்த்துச் சாமான் வாங்கிய பழக்கம், அவர் சாமான்களோடு சேர்ந்து லாரியில் ஏறிப் போய்விடுகிறது. அந்த வீட்டுக்குப் புதிதாக வருகிற இளைஞருக்கு அண்ணாச்சியையும் தெரியாது, அண்ணாச்சியின் அப்பாவையும் தெரியாது. அவர் வேறு மாநிலத்துக்காரராகவும் இருக்கலாம். கையில் போன் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சாமான் வரவழைக்கத் தெரிந்தவர். அவர் கண்ணில் நம் கடை படுவதற்கு நம்மிடம் இருப்பது என்ன? பலகை, பாக்கெட், பை, காலண்டர், பில் இவ்வளவுதான். இவை ஐந்திலும் ஒரே முகம் தெரிகிறதா என்று இன்று இரவு கடை கட்டும் முன் பாருங்கள். பலகையில் தாமரை, பையில் வெறும் எழுத்து, காலண்டரில் அச்சகக்காரர் கொடுத்த நீர்வீழ்ச்சி, பாக்கெட்டில் சமையல் செய்யும் ஒரு அம்மாள் என்று இருந்தால், ஐந்து கடைக்குச் செலவு செய்துவிட்டு ஒரு கடைக்கும் பெயர் வாங்காமல் இருக்கிறோம் என்று பொருள்.

மூட்டை மார்க்கிலிருந்து தொடங்குவோம்

மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு மார்க் என்பது புதிய சங்கதி அல்ல. விருதுநகரிலிருந்து வத்தலும் மல்லியும் வரும்போது சாக்கின் மேல் மையால் இரண்டெழுத்தோ மூன்றெழுத்தோ அடித்திருக்கும். லாரி ரசீதில் "பிரைவேட் மார்க்" என்று அதற்கென்றே இடம் உண்டு. சுமை இறக்குகிறவருக்கு ரசீதை உட்கார்ந்து படிக்க நேரமில்லை. மார்க்கைப் பார்த்தார், இது இன்னார் சரக்கு என்று தனியே அடுக்கினார், வேலை முடிந்தது. படிக்கத் தெரியாதவரும் தூரத்திலிருந்து பார்த்துச் சரியாகச் சொல்ல வேண்டும்; மார்க்கின் முதல் இலக்கணம் இதுதான். பின்னால் வந்த விளம்பர சாஸ்திரம் எல்லாம் இதன் மேல் கட்டியதுதான்.

நம் முன்னோர்களுக்கும் இது தெரிந்திருந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழு தென்னாடு முழுவதும், கடல் கடந்தும் வியாபாரம் செய்தது. சுமத்திரா தீவில் பாருஸ் என்னும் இடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. இத்தகைய குழுக்களின் கற்களில் எழுத்தோடு சேர்த்துச் சின்னங்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சித்திரமேழிப் பெரியநாட்டார் என்ற உழவர் பெருங்குழுவுக்குச் சின்னம் ஏர். எழுத்து அறியாதவனும் கல்லைப் பார்த்ததும் இன்னாருடையது என்று அறிந்துகொள்வான்.

வெள்ளைக்காரன் காலத்தில் மான்செஸ்டர் ஆலைத் துணிகள் இங்கே வந்தபோது, ஒவ்வொரு பீஸின் மேலும் வண்ணப்படம் ஒன்று ஒட்டி வரும். கிருஷ்ணன், லட்சுமி, யானை, புலி என்று எத்தனையோ. ஆலையின் ஆங்கிலப் பெயர் நம் மக்கள் வாயில் நுழையாது. ஆகவே படத்தைச் சொல்லித் துணி கேட்டார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து சிவகாசியில் ஆரம்பித்த பிறகு, தீப்பெட்டி லேபிள்களிலும் அதே வழிதான். பெட்டியின் மேல் மிருகமும் பறவையும் பூவும் இடம் பிடித்தன. காளீஸ்வரி பட்டாசு என்றால் ஊருக்குத் தெரிந்தது சேவல்தானே.

நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, அழுத்திக் கட்டியாக்கி, கரித்துண்டாக மாற்றி எரிபொருளாக விற்றார்கள். அதற்கு முழுப் பெயர் சொல்வதென்றால் ஒரு மூச்சு பிடிக்கும். "லெக்கோ" என்று இரண்டே அசையில் பெயர் வைத்தார்கள். ஓட்டல்காரரும் டீக்கடைக்காரரும் "லெக்கோ போடு" என்றார்களே தவிர, பழுப்பு நிலக்கரிக் கட்டி என்று எவரும் சொன்னதில்லை. அந்த ஆலை பிற்பாடு மூடப்பட்டுவிட்டது. பெயர் இன்னும் வயதானவர்கள் வாயில் இருக்கிறது. நிறுவனமே 2016-இல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டபோதும், ஜனங்கள் கூப்பிட்டு வந்த மூன்றெழுத்தை விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வழி: படம் தேடுவதற்கு முன் வாடிக்கையாளர் நம்மை ஏற்கெனவே எப்படிக் கூப்பிடுகிறார் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பலகையில் "ஸ்ரீ மகாலட்சுமி டிரேடர்ஸ்" என்று இருக்கும். பிள்ளைகளோ "கிளிக்கடை" என்பார்கள். எப்போதோ ஒரு கூண்டில் கிளி வளர்த்திருப்பார் பெரியவர். அப்படியானால் கிளிதான் உங்கள் மார்க். அது தானாகக் கிடைத்த சொத்து. பணம் கொடுத்து விளம்பரம் செய்தாலும் கிடைக்காது. கடை முன் நிற்கும் வேப்பமரம், வாசலில் எப்போதும் நிற்கும் பழைய சைக்கிள், பாட்டனார் காலத்துப் பித்தளைப் படி, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். இன்னாருக்கு மட்டும் உரியது என்று ஊர் ஒப்புக்கொண்ட பொருள் எதுவோ, அதைப் போடுவதில் ஒரு பெருமையும் இருக்கிறது.

தராசு போடலாமா என்று கேட்பார்கள். தராசு பலசரக்குக் கடைக்காரர் அத்தனை பேருக்கும் பொது. நெற்கதிரும் அப்படியே. அழகாக இருக்கும், ஆனால் ஆயிரம் கடையில் ஒரு கடை என்றுதான் சொல்லும். "சுத்தமான", "ஸ்பெஷல்", "நம்பர் ஒன்" என்ற சொற்களும் இந்த வகைதான். பதிவுக்குப் போனாலும், சரக்கின் குணத்தை மட்டும் சொல்லும் சொல்லை ஒருவருக்கென்று எளிதில் கொடுப்பதில்லை. ஊர்ப் பெயரும் அப்படியே. பண்ருட்டி பக்கத்தில் இருப்பதால் நம்மில் பலர் முந்திரி பாக்கெட் போடுகிறோம். பண்ருட்டி என்ற பெயர் சரக்கின் பூர்வீகத்தைச் சொல்லுமே ஒழிய உங்களைச் சொல்லாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் ஒரு கடைக்கு உரியதல்ல, அந்தப் பகுதியில் அதைச் செய்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்ந்து உரியது.

அடுத்தவர் முகம் வேண்டாம்

இனிச் சொல்வதை இளைஞர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு வியாபாரி மல்லித்தூள் பாக்கெட் போட ஆரம்பித்தார். நல்ல சரக்கு, நேர்மையான மனிதர். கவர் அடித்துக் கொடுத்தவர், "பெரிய கம்பெனி கவர் மாதிரியே போட்டுவிடுவோம், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது" என்று தைரியம் சொன்னார். அதே பச்சை, அதே சிவப்புப் பட்டை, படத்தில் சின்ன மாறுதல். ஆறு மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இருந்த கவரை எல்லாம் அழிக்க வேண்டியதாயிற்று. அடித்துக் கொடுத்தவர் மீது ஒரு துரும்பும் விழவில்லை. நோட்டீஸ் பாக்கெட்டின் மேல் இருந்த விலாசத்துக்குத்தானே வரும்?

"பெயர் வேறு, படம் வேறு, பிறகு என்ன தப்பு?" என்று அவர் கேட்டார். இந்தக் கேள்விக்கு உச்சநீதிமன்றம் நம் சரக்குகளை வைத்தே பதில் சொல்லியிருக்கிறது.

ஒன்று மூக்குப்பொடி வழக்கு. சென்னையில் ஸ்ரீ அம்பாள் அண்டு கோ என்ற நிறுவனம் ஸ்ரீ அம்பாள் என்ற பெயரில் மூக்குப்பொடி விற்று வந்தது. இன்னொரு மூக்குப்பொடி வியாபாரி ஸ்ரீ ஆண்டாள் என்ற பெயரைப் பதிவு செய்யக் கேட்டார். படங்கள் வேறு வேறு. நம்மைக் கேட்டால் அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு என்று சின்னக் குழந்தையும் சொல்லும். ஒருவர் சிவனுடைய தேவி, மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து அரங்கனை அடைந்தவர். ஆனால் 1969-இல் உச்சநீதிமன்றம், அம்பாள் என்ற சொல்லும் ஆண்டாள் என்ற சொல்லும் காதில் விழும்போது ஒன்று போலவே இருக்கின்றன, ஆகவே பதிவு செய்யக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மூக்குப்பொடி வாங்குகிறவர் எல்லாரும் தமிழ் இந்துக்கள் அல்லவே. வேற்று மதத்தவரும் வேறு மாநிலத்தவரும் வாங்குவார்கள், அவர்களுக்கு இரண்டு பெயருக்கும் உள்ள வேற்றுமை எப்படித் தெரியும் என்பது நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கணக்கு. நெய்வேலி போல் நாலு மாநில மக்கள் சாமான் வாங்கும் ஊரில் கடை வைத்திருக்கும் நமக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும். எதிரே நிற்பவர் காதில் எப்படி விழுகிறது என்பதுதான் பேச்சு. நாம் மனதில் என்ன நினைத்து வைத்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

மற்றொன்று பிஸ்கட் வழக்கு. பார்லே நிறுவனத்தின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பண்ணை முற்றம், நடுவில் வாளியில் தண்ணீர் எடுத்துச் செல்லும் ஒரு பெண், சுற்றிலும் பசுக்களும் கோழிகளும். மைசூரில் ஒரு நிறுவனம் போட்ட உறையிலும் ஒரு பெண், பசு, கோழி. இந்தப் பெண்ணின் தலையில் வைக்கோல் கட்டு, கையில் வாளி இல்லை. கீழ் நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் இரண்டும் வேறுதான் என்று பார்லேயின் வழக்கைத் தள்ளிவிட்டன. 1972-இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேற்றுமைகளை எண்ணிப் பார்ப்பது முறையல்ல என்றது. வாடிக்கையாளர் அப்படி வாங்குவதில்லை. போன மாதம் வாங்கியதை அரைகுறையாக நினைவு வைத்துக்கொண்டு வருகிறார். அவர் ஏமாந்து போவாரா என்றுதான் பார்க்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்தவர் எவரும் இதை மறுக்க மாட்டார். "அந்த மஞ்சக் கவரு, பொம்பளை படம் போட்டது குடுங்க" என்றுதானே கேட்கிறார்கள்.

நாம் செய்யாவிட்டாலும் நமக்கு ஒருவர் இப்படிச் செய்யலாம். அப்போது சும்மா இருப்பதும் நஷ்டம். அமிர்ததாரா என்ற மருந்துக்காரர், லட்சுமணதாரா என்று வந்ததை எதிர்த்து நடத்திய வழக்கில், இரண்டு பெயரும் மயங்கும்படி இருக்கின்றன என்று 1962-இல் உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும், எதிராளி விற்பதை அறிந்தும் வெகுகாலம் பேசாமல் இருந்துவிட்டதால், லட்சுமணதாராவுக்கு உத்தரப்பிரதேசத்துக்குள் பதிவு நின்றது. இப்போதுள்ள சட்டத்தில், பதிவான மார்க் ஒன்றை இன்னொருவர் நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவதை அறிந்தும் ஐந்து ஆண்டு தொடர்ந்து பொறுத்துக்கொண்டால், அதன் பிறகு நிறுத்தச் சொல்லி நிற்பது கஷ்டம்.

சாமி படம், தலைவர் படம், நடிகர் படம்

கல்லாவுக்குப் பின்னால் லட்சுமியோ, பிள்ளையாரோ, மெக்காவோ, மாதாவோ, அப்பா படமோ மாட்டுவது அவரவர் நம்பிக்கை. தினமும் விளக்கேற்றிக் கும்பிடும் படம் அது. அதில் எவருக்கும் பேச்சில்லை. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு அவர்கள் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி படங்கள் எத்தனை கடைகளில் காலண்டராகத் தொங்கின என்பதை வயதானவர்கள் அறிவார்கள். வருடம் முடிந்தாலும் கிழித்துப் போட மனமின்றிக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் பாக்கெட்டின் மேல் சாமி படம் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. கடலைமாவு தீர்ந்ததும் அந்தக் கவர் எங்கே போகிறது? குப்பைத் தொட்டிக்கும், சாக்கடைக்கும். காலில் மிதிபடும். போட்டவருக்கும் பாவம், மிதித்தவருக்கும் சங்கடம். சட்டப்படியும் அது பலமான மார்க் அல்ல. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்று பெயர் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒரு சரக்குக்கு ஒருவர் தனியுரிமையாக வைத்துக்கொள்ள முடியாது என்று 2015-இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. மத உணர்வைப் புண்படுத்தக்கூடியதைப் பதிவு செய்யவும் சட்டத்தில் தடை. அம்பாள் மூக்குப்பொடி ஜெயித்ததே என்பீர்கள். அது வெகுகாலம் புழங்கி நிலைத்த பெயர். இன்று புதிதாக ஆரம்பிப்பவர் "ஸ்ரீ முருகன்" என்று வைத்தால், மாவட்டத்தில் அதே பெயரில் எத்தனை கடை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

தலைவர்கள் படத்தில் பலருக்குத் தெரியாத கண்டிப்பு ஒன்று இருக்கிறது. 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தின்படி மகாத்மா காந்தி, நேரு, இந்திரா காந்தி ஆகியோரின் பெயரையோ படத்தையோ, பதவியில் உள்ள பிரதமர் படத்தையோ மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. காலண்டரில் போட ஒரு விலக்கு உண்டு. அதுவும் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் இருந்து, சரக்குக்கு விளம்பரமாக இல்லாமல் இருந்தால்தான். "எங்களிடம் எல்லாவித மளிகைச் சாமான்களும் கிடைக்கும்" என்று கீழே அடித்த காந்தி காலண்டர் இந்த விலக்குக்குள் வராது. தேசியக் கொடியும் அரசுச் சின்னமும் அப்படியே. நம் நிறுவனத்தின் சின்னமும் நம்முடையதல்ல. ஊர்ப்பாசத்தில் பலகையில் எழுதிவிடக் கூடாது.

நடிகர் படம் போட்டால் சரக்கு ஓடும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த முகம் அவருடையது. தம் பெயரையும் சாயலையும் அனுமதியின்றி ஒரு படத்தில் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2015-இல் அவர் பக்கம்தான் உத்தரவு ஆயிற்று. இன்டர்நெட்டிலிருந்து எடுத்த படமும் யாரோ வரைந்தது, யாரோ எடுத்ததுதான். ஒரு உள்ளூர் ஓவியருக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுத்து, நம் வேப்பமரத்தை வரையச் சொல்லி, உரிமை உங்களுக்கே என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

தேறுமா என்று பார்க்கும் விதம்

படம் கையில் வந்ததும் அதைச் சோதிக்க வேண்டும். சோதனை கடையிலேயே செய்யலாம். ரப்பர் ஸ்டாம்பு அளவுக்குச் சுருக்கினால் என்னவென்று தெரிகிறதா? ஒரே நிறத்தில் மஞ்சள் பையில் அடித்தால் தெரிகிறதா? ஷட்டரில் பெயிண்டர் கையால் வரைய முடியுமா? போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிகிறதே, அப்போதும் புரிகிறதா? ஏழு வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் அதைச் சொல்லிக் கேட்க முடியுமா? கடைசிக் கேள்விதான் கடினமானது. ஐந்து வண்ணத்தில் வட்டமும் வளைவுமாக வரைந்து தருவதை எந்தப் பிள்ளையாலும் வாயால் சொல்ல முடியாது. எதிரே இருக்கும் மலையாளி அம்மாளும் தெலுங்குக்காரரும் சொல்லக்கூடியதாக இருந்தால் இன்னும் விசேஷம். மயில், குடம், மணி போன்றவற்றைக் கையால் காட்டியே கேட்டுவிடுவார்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு மாற்றக்கூடாது. பத்து வருடத்தில் நமக்கே சலித்துவிடும். மகன் வந்து "பழைய மாதிரி இருக்கிறது" என்பான். வாடிக்கையாளருக்கு அப்போதுதான் மனதில் பதிய ஆரம்பித்திருக்கும்.

பொருள்களில் முதலிடம் பைக்கு. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியது. செலவு என்று முணுமுணுத்தோம். ஆனால் பிளாஸ்டிக் கவர் வீட்டு வாசலைத் தாண்டியதும் குப்பை. துணிப்பையோ பஸ் ஏறி குறிஞ்சிப்பாடிக்கும் விருத்தாசலத்துக்கும் போகிறது, கல்யாண வீட்டுக்குப் போகிறது, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறது. தையல் பிரிந்து போகும் பையில் நம் மார்க்கைப் போடாதீர்கள். கைப்பிடி அறுந்து எண்ணெய்ப் பாட்டில் உடைந்தால், உடைந்த இடத்தில் நம் வேப்பமரம்தான் எல்லார் கண்ணுக்கும் தெரியும். காலண்டரும் அப்படியே, தேதித்தாள் தடித்ததாக, ராகுகாலமும் நோன்பு நாளும் சரியாக, பண்டிகை எல்லா மதத்துக்கும் போட்டதாக இருந்தால் சமையலறைச் சுவரில் வருடம் முழுவதும் இடம் கிடைக்கும்.

சொந்த மார்க்கில் உணவுப் பொருளைப் பாக்கெட் போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம், பாக்கெட் போட்டவர் பெயர் விலாசம், நிகர எடை, அதிகபட்ச விலை, பாக்கெட் போட்ட மாதம் வருடம் முதலியவை இல்லாமல் போடக்கூடாது என்பதை அறிவீர்கள். முகம் அழகாக இருந்து, இவை எழுத இடமில்லாமல் போன கவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதிவும் பத்திரமும்

இப்போது நடப்பில் உள்ளது 1999-ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டம். 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. தென்மாநிலங்களுக்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில். போக வேண்டியதில்லை, கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறுதொழிலாகப் பதிவு செய்தவருக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். அரிசி, மாவு, மசாலா, காப்பி, தேயிலை 30-ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய் 29. கடை நடத்தும் சேவை 35. விண்ணப்பம் போடும் முன், இதே மாதிரி ஏற்கெனவே யாராவது வைத்திருக்கிறார்களா என்று அலுவலகத்தின் இணையத்தளத்திலேயே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கவர் அடிப்பதற்கு முன் அதைச் செய்ய வேண்டும். ஏற்கப்பட்டால் அவர்களுடைய இதழில் வெளியிடுவார்கள். நாலு மாதத்துக்குள் எவரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் பதிவு. பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும் வரை "டி.எம்." என்று போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் "ஆர்" எழுத்தைப் பதிவாவதற்கு முன் போடக்கூடாது.

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடைகளுக்கு ஒரு வார்த்தை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கடைக்கட்டடம், ஸ்டாக், பாக்கி, வேன் எல்லாம் எழுதுகிறோம். மார்க் யாருக்கு என்று எழுதுவதில்லை. பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே அதே படத்தைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார்கள். மங்களூர் கணேஷ் பீடி நிறுவனத்தில் பங்குதாரர்கள் பிரிய நேர்ந்தபோது, 1994-இல் நடந்த ஏலத்தில் வியாபாரம் 92 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அதில் மார்க்குக்கென்றே பெருந்தொகை மதிப்பிடப்பட்டு, அதற்குத் தேய்மானம் கோரலாம் என்று 2015-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பீடிக்கட்டின் மேல் ஒட்டும் சிறு தாளுக்கு அவ்வளவு மதிப்பு. நம் வேப்பமரம் கோடிக்குப் போகாது. ஆனாலும் பத்திரத்தில் ஒரு வரி எழுதக் காசு கேட்க மாட்டார்கள்.

பதிவு செய்யாமலே பல வருடமாக மார்க் போட்டு வருகிறவர்கள் பயப்பட வேண்டாம். மற்றவர் பயன்படுத்தத் தொடங்குவதற்கும் பதிவு செய்வதற்கும் முன்பிருந்தே நாம் தொடர்ந்து பயன்படுத்தி வந்திருந்தால், அவர் பதிவு நம்மைத் தடுக்காது என்று சட்டத்தின் 34-ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் முன்பிருந்தே என்பதை நாம்தான் காட்ட வேண்டும். மார்க் அச்சடித்த பழைய பில் புத்தகம், தேதி போட்ட அச்சகக் கணக்கு, வருடம் தெரியும் காலண்டர், கடைத் திறப்புவிழா போட்டோ இவைதான் சாட்சி. ஆயுதபூஜைக்குக் கடை சுத்தம் செய்யும்போது பையன்கள் இவற்றைத்தான் முதலில் எடைக்குப் போடுவார்கள். வருடத்துக்கு ஒரு பில் புத்தகம், ஒரு காலண்டர், ஒரு பை, ஒரு காலிக் கவர் என்று எடுத்து, தகரப் பெட்டியில் நாப்தலின் உருண்டை போட்டு, பெட்டியின் மேல் வருடத்தை எழுதி, வீட்டுப் பரணில் வையுங்கள். கடையில் வைத்தால் எலி விடாது.